மகளுக்கு பயோடெக் கிடைத்திருக்கிறது: பினாங்கில் இதற்கு வேலை உண்டா?

நிபோங் திபால் அப்பா (திங்கள், இரவு 9.40)

எல்லாருக்கும் வணக்கம். மகள் எஸ்.டி.பி.எம். (ஆறாம் படிவத் தேர்வு) முடித்து, பல்கலைக்கழகச் சேர்க்கைக்கு யு.பி.யு.வில் விண்ணப்பித்திருந்தாள். அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றில் பயோடெக்னாலஜி கிடைத்திருக்கிறது. அவளுக்கு ஒரே சந்தோஷம், இதைத்தான் முதல் தேர்வாகப் போட்டிருந்தாளாம். சொந்தக்காரர்கள்தான் விடமாட்டேன் என்கிறார்கள். என் தங்கை மகன் 2009இல் இதே பட்டம் வாங்கினான். வேலை கிடைக்காமல் டியூஷன் எடுத்தான், இப்போது இன்சூரன்ஸ் விற்கிறான். அவனைக் காட்டித்தான் எல்லாரும் பயமுறுத்துகிறார்கள்.

ஆனால் எங்கள் வீட்டிலிருந்து பத்து காவான் தொழிற்பேட்டை பக்கம்தான். அந்தச் சாலையில் போனால் வரிசையாக மருத்துவக் கருவிக் கம்பெனிகள். இன்னும் கட்டிக்கொண்டே இருக்கிறார்கள். அந்தக் கட்டடங்களுக்குள் பயோடெக் படித்த பிள்ளைக்கு இடம் இருக்கிறதா, இல்லை இன்ஜினியரிங் படித்தவர்களுக்கு மட்டும்தானா? உள்ளே வேலை பார்க்கிறவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

செராஸ்வாசி (திங்கள், இரவு 9.58)

வேண்டாம் அண்ணே. என் செட்டில் பயோடெக் எடுத்தவர்களில் ஒருவர்கூட இன்று லேபில் இல்லை. அக்கவுண்டிங்குக்கு மாற்ற முடியுமா என்று பாருங்கள்.

பழைய லேப் கோட் (திங்கள், இரவு 11.15)

செராஸ் தம்பி சொல்வது பொய்யில்லை. நானும் அந்தக் காலத்து மாணவிதான். ஆனால் அப்போது ஏன் வேலை இல்லை என்பது தெரிந்தால்தான் இப்போது நிலைமை மாறியிருக்கிறதா என்று பேச முடியும்.

2000களின் தொடக்கத்தில் டெங்கிலில் பயோவேலி என்று பெரிய வளாகம் வரப்போவதாகச் சொன்னார்கள். சைபர்ஜெயாவில் கணினித் துறைக்குச் செய்ததை உயிரியலுக்கும் செய்துவிடலாம் என்ற நம்பிக்கை. அது எழும்பவே இல்லை. 2005 ஏப்ரலில் அப்போதைய பிரதமர் அப்துல்லா படாவி தேசிய உயிரித் தொழில்நுட்பக் கொள்கையை வெளியிட்டபோது, வளாகத்தை விட்டுவிட்டு, ஏற்கெனவே இருக்கிற ஆய்வுக்கூடங்களையும் கம்பெனிகளையும் பயோநெக்சஸ் என்ற பெயரில் இணைக்கும் வழிக்கு மாறினார்கள். கொள்கைக்கு மூன்று கட்டம். 2010 வரை ஆட்களையும் ஆய்வு வசதிகளையும் சட்டத்தையும் தயார் செய்வது. 2015 வரை ஆய்வை வியாபாரமாக்குவது. 2020க்குள் உலகச் சந்தை.

இந்த வரிசையிலேயே சிக்கல் இருந்தது. ஆள் தயாரிக்கும் வேலையைப் பல்கலைக்கழகங்கள் உடனே ஆரம்பித்துவிட்டன. பாடத்திட்டம், லேப், பி.டி.பி.டி.என். கல்விக் கடன், பட்டமளிப்பு எல்லாம் ஒழுங்காக நடந்தன. அந்த ஆட்களை எடுக்க வேண்டிய கம்பெனிகளோ அடுத்த கட்டத்தில்தான் வர வேண்டியவை. தங்கை மகன் 2009இல் வெளியே வந்தார் என்கிறீர்களே, சரியாக அந்த இடைவெளியில் விழுந்திருக்கிறார். அவர் படிப்பிலோ உழைப்பிலோ குறை என்று யாரும் வீட்டில் பேச வேண்டாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த நாட்டில் உயிரியலிலிருந்து உருப்படியாக வெளிவந்த பொருள்களில் சில, எந்தக் கொள்கைக்கும் காத்திருக்காமல் நம் ஊர் நோய்களிலிருந்து வந்தவை. கிளந்தானில் டைஃபாய்டு அதிகம். குபாங் கெரியானில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழக (யு.எஸ்.எம்.) மருத்துவ வளாகத்தில் அஸ்மா இஸ்மாயில் தலைமையிலான குழு 1990களிலேயே டைஃபிடாட் என்ற சோதனையைச் செய்தது. ரத்தத்தைக் கல்ச்சரில் போட்டு, கிருமி வளரட்டும் என்று நாள்கணக்கில் காத்திருக்கும் இடத்தில், சில மணி நேரத்தில் பதில். அப்புறம் யானைக்கால் நோய். இந்தியாவில் பெரும்பாலும் வுச்செரெரியா என்ற புழு, மலேசியாவில் முக்கியமாக புரூகியா மலாயி. வுச்செரெரியாவுக்கென்று வந்த அட்டைச் சோதனை நம் ஊர்ப் புழுவைக் கண்டுபிடிக்காது. அதனால் யு.எஸ்.எம்.மில் ரஹ்மா நோர்டின் குழு புரூகியாவின் ஒரு புரதத்தை எடுத்து, அதற்கு எதிராக உடம்பு உண்டாக்கும் ஐ.ஜி.ஜி.4 என்ற வகை எதிர்ப்பொருளைப் பிடிக்கும் புரூகியா ரேப்பிட் சோதனையை உருவாக்கியது. உலக சுகாதார நிறுவனத்தின் யானைக்கால் ஒழிப்புத் திட்டத்தில், புரூகியா இருக்கிற நாடுகளில் அது பயன்படுகிறது. சுபாங்கில் உள்ள உள்ளூர் கம்பெனி ஒன்றுதான் தயாரிக்கிறது.

நான் இந்த மாதிரிப் பட்டைச் சோதனைகளில்தான் வேலை பார்த்தேன். கோவிட் கிட் எல்லாரும் பார்த்ததுதான், அதே அமைப்பு: நைட்ரோசெல்லுலோஸ் பட்டை, அதன் மேல் கண்ணுக்குத் தெரியாத கோடாகப் புரதம், நிறம் காட்டத் தங்கத்தின் நுண்துகள். லேபில் அழகாக வேலை செய்யும். பையில் போட்டு வைத்து எடுத்தால் கோடு மங்கிவிடும். காரணம் பெரும்பாலும் நம் ஊர்க் காற்றில் உள்ள ஈரம். பட்டையை வெட்டுகிற அறையின் ஈரப்பதத்தைக் குறைத்து வைக்க வேண்டும், பையில் சிலிக்கா பொட்டலம் போட வேண்டும், அப்புறம் சூட்டுப் பெட்டியில் வைத்து மாதக்கணக்கில் சோதிக்க வேண்டும். பட்டப்படிப்பில் எங்களுக்கு மரபணு வெட்டி ஒட்டச் சொல்லித் தந்தார்கள். ஒரு பொருள் பதினெட்டு மாதம் கெடாமல் இருக்கும் என்று எப்படி நிரூபிப்பது என்று ஒரு வகுப்பில்கூடச் சொல்லவில்லை. வேலை இருந்ததோ அந்த இரண்டாவதில்.

கிளீன்ரூம்வாசி (செவ்வாய், காலை 7.20)

லேப் கோட் அக்கா விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன். நான் பத்து காவானில் தரத்துறையில் இருக்கிறேன். எந்தக் கம்பெனி என்று சொல்லவில்லை.

அப்பா, உங்கள் கேள்விக்கு நேர் பதில்: இடம் இருக்கிறது. ஆனால் கம்பெனிகள் அந்த இடத்துக்கு பயோடெக்னாலஜிஸ்ட் என்று விளம்பரம் போடுவதில்லை. மைக்ரோபயாலஜிஸ்ட், ஸ்டெரிலிட்டி அஷ்யூரன்ஸ் (கிருமிநீக்க உறுதி), வேலிடேஷன் (செய்முறை சரிபார்ப்பு), ரெகுலேட்டரி (அனுமதிக் கோப்பு வேலை), கியூ.சி. (தரச் சோதனை). இந்தப் பெயர்களில்தான் வரும். வேலைவாய்ப்புத் தளத்தில் பயோடெக் என்று தேடிவிட்டு ஒன்றுமில்லை என்று மூடிவிடுகிற பிள்ளைகளை நிறையப் பார்க்கிறேன்.

உள்ளே என்ன நடக்கிறது என்று ஓர் உதாரணம். ரத்த நாளத்துக்குள் போகிற ஒரு குழாய் செய்கிறோம் என்று வையுங்கள். கடைசியில் எத்திலீன் ஆக்சைடு வாயுவில் வைத்து கிருமி நீக்குகிறோம். கிருமி செத்துவிட்டது, முடிந்ததா? முடியவில்லை. செத்த பாக்டீரியாவின் சுவர்த் துணுக்குகள் குழாயிலேயே ஒட்டியிருந்தால் நோயாளிக்குக் காய்ச்சல் வரும், ரத்த அழுத்தம் சரியும். அதற்குப் பெயர் எண்டோடாக்சின். அதைக் கண்டுபிடிக்கும் சோதனை எங்கிருந்து வந்தது தெரியுமா? நம் கடற்கரையில் பெலாங்காஸ் என்கிறார்களே, அந்தக் குதிரைலாட நண்டின் நீல ரத்தத்திலிருந்து. எண்டோடாக்சின் பட்டால் அந்த ரத்தம் உறையும். சிறு கண்ணாடிக் குழாயில் மாதிரி நீரையும் அந்த ரத்தச் சாற்றையும் சேர்த்து 37 டிகிரியில் ஒரு மணி நேரம் வைக்க வேண்டும், ஆடக் கூடாது. பிறகு மெதுவாகத் தலைகீழாகக் கவிழ்க்க வேண்டும். கட்டி அடியிலேயே நின்றால் எண்டோடாக்சின் இருக்கிறது. வழிந்துவிட்டால் அந்த அளவுக்கு இல்லை. இதைச் செய்கிறவரின் கை பதறக் கூடாது. ஒரே தடவையில் செய்த பெரிய பேட்ச் ஒன்று கிடங்கை விட்டுப் போவதா வேண்டாமா என்பது அந்தக் குழாயில் இருக்கிறது.

இதில் நம் பக்கத்துப் பெருமை ஒன்று உண்டு. நண்டைப் பிடித்து ரத்தம் எடுக்காமல், அதே புரதத்தை மரபணு முறையில் செய்ய முடியும் என்று முதலில் காட்டியவர்கள் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் டிங் ஜியாக் லிங்கும் ஹோ போவும். நம் சதுப்புநிலக் காடுகளில் வாழும் வகை நண்டின் மரபணுதான் அவர்கள் எடுத்தது. 1990களில் செய்தார்கள். அமெரிக்க மருந்து நெறிநூல் இந்த முறைக்குத் தனி அத்தியாயம் கொடுத்து அது நடப்புக்கு வந்தது 2025இல். ஒரு கண்டுபிடிப்பு தொழிற்சாலைக்குள் நுழைய எவ்வளவு காலம் பிடிக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

இன்னொரு பக்கம், தொடர்ச்சியாக சர்க்கரை காட்டும் சென்சார். டெக்ஸ்காம் பத்து காவானில் அதற்குத்தான் ஆலை போட்டது. தோலுக்குக் கீழே மயிரிழை போன்ற கம்பி, அதன் மேல் குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்ற நொதிப் பூச்சு. சர்க்கரை நொதியில் பட்டு ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாகி, அது மின்னோட்டமாக மாறிக் கைப்பேசிக்கு எண்ணாகப் போகிறது. மின்னோட்டத்தை அளக்கிற வேலையை இன்ஜினியர் பார்த்துக்கொள்வார். நொதி ஏன் இந்த பேட்சில் வேகம் குறைந்திருக்கிறது என்று கேட்டால் அவர் முழிப்பார். அங்கேதான் உங்கள் மகளின் படிப்பு வேண்டும். இந்த நாட்டில் 2019 தேசிய சுகாதார ஆய்வில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு, 2023 ஆய்வில் 15.6. நம் இந்தியர்களிடம்தான் விகிதம் அதிகம். நம் வீடுகளில் விரலைக் குத்திக்கொள்கிற ஆட்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தால் இந்தத் தொழில் யாருக்கானது என்று புரியும்.

ஜெலுத்தோங் (செவ்வாய், மதியம் 1.05)

எல்லாம் கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கண்டுபிடித்தது கலிஃபோர்னியாவில், பேட்டன்ட் அங்கே, லாபமும் அங்கே. நாம் கையுறை போட்டுக்கொண்டு ஒட்டி, பாக்கெட் போட்டுக் கொடுக்கிறோம். இதை உயிரியல் தொழில் வளர்ச்சி என்று சொல்வது எனக்கு ஒப்பவில்லை. வரிச்சலுகை முடிந்தால் வியட்நாமுக்குப் போய்விடுவார்கள். அந்தப் பிள்ளை நாலு வருஷம் படித்துவிட்டு வரும்போது ஆலை இங்கே இருக்குமா?

பாயான் லெப்பாஸ் 72 (செவ்வாய், மாலை 6.30)

ஜெலுத்தோங் தம்பி, இந்தக் கேள்வியை 1972இலும் கேட்டார்கள். எனக்கு நினைவிருக்கிறது. லிம் சோங் யூ முதலமைச்சராக இருந்து பாயான் லெப்பாசில் தடையற்ற வர்த்தக மண்டலம் திறந்தபோது இன்டெல், ஹெச்.பி., ஏ.எம்.டி., பாஷ், ஹிட்டாச்சி, கிளாரியன், லிட்ரோனிக்ஸ், நேஷனல் செமிகண்டக்டர் என்று எட்டு கம்பெனிகள் வந்தன. மைக்ராஸ்கோப்பில் குனிந்து சிப்பில் தங்கக் கம்பி ஒட்டும் வேலை. கண் போய்விடும், நாலு வருஷத்தில் ஓடிவிடுவார்கள் என்றார்கள். கண் கெட்டவர்கள் இருக்கிறார்கள், அதை மறைக்க மாட்டேன். ஓடிய கம்பெனிகளும் உண்டு. ஆனால் இன்டெல்லில் பிறகு வடிவமைப்பு வேலையே இங்கே நடந்தது.

இதில் ஹெச்.பி.யின் பாதையைத் தனியாகப் பாருங்கள். 1999இல் அதன் அளவைக் கருவிப் பிரிவு பிரிந்து அஜிலென்ட் ஆனது. 2014இல் மின்னணு அளவை கீசைட் என்று பிரிந்து போக, மிச்சமிருந்த அஜிலென்ட் முழுக்க ஆய்வுக்கூடக் கருவிக் கம்பெனி. மருந்து, உணவு, ரத்தம் இவற்றில் என்ன கலந்திருக்கிறது என்று பிரித்துக் காட்டும் கருவிகள். இரண்டுமே இன்றும் பாயான் லெப்பாசில் இருக்கின்றன. ஜெர்மனியின் பி.பிரவுனும் 1972இலேயே இங்கே வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் கையில் ஏற்றுகிற ஊசிக்குழாய் இங்கிருந்துதான் உலகத்துக்குப் போகிறது. ஐம்பது வருஷம் கடந்தும் ஓடவில்லை.

எங்கள் காலத்தில் டிஸ்க் டிரைவுக்கு உலோகம் கடைந்து கொடுத்த சீனர் பட்டறைகளும் பிளாஸ்டிக் மோல்டு பட்டறைகளும் அந்தத் தொழில் சுருங்கியபோது மருத்துவக் கருவிக்கு மாறின. மைக்ரான் கணக்கில் கடையத் தெரிந்த கை, தூசியில்லாத அறையில் வேலை பார்த்துப் பழகிய ஆள், இரவு ஷிஃப்டுக்கு வண்டி விடுகிற ஏற்பாடு. பாஸ்டன் சயன்டிஃபிக், அபாட், ஸ்மித் அண்ட் நெஃப்யூ எல்லாம் பினாங்கைத் தேடி வந்ததற்குக் காரணம் அதுதான். உயிரியல் ஆய்வுக்காக அவர்கள் வரவில்லை என்பதில் தம்பியோடு ஒத்துப்போகிறேன். வந்த பிறகு உயிரியல் தெரிந்தவர்கள் தேவைப்படுகிறார்கள். கே.எல். பக்கம் கொள்கை போட்டு வரவழைக்கப் பார்த்தது ஒரு பாதை. இங்கே பட்டறையிலிருந்து மெல்ல மேலே ஏறியது இன்னொரு பாதை. நிலைத்தது இரண்டாவது.

லைன் லீடர் அக்கா (செவ்வாய், இரவு 10.45)

இப்போதுதான் ஷிஃப்ட் முடிந்து வந்தேன். படித்துவிட்டு எழுதாமல் இருக்க முடியவில்லை.

பத்து காவான் முன்பு தோட்டம். கரும்பு, ரப்பர், பிறகு செம்பனை. என் அம்மா, பாட்டி எல்லாரும் அங்கே வேலை செய்தவர்கள். 2014இல் இரண்டாவது பாலம் திறந்த பிறகு அந்தப் பக்கமே வேறு ஊர் ஆகிவிட்டது. இன்று அதே மண்ணில் நான் தொப்பி, முகமூடி, கவுன், பூட்ஸ் எல்லாம் போட்டு கிளீன்ரூமில் நிற்கிறேன். கண் மட்டும்தான் தெரியும். அந்தக் கண்ணை வைத்தே யார் யார் என்று எங்களுக்குத் தெரியும். என் லைனில் நம் பெண்கள் நிறைய.

வேலையைக் குறை சொல்ல மாட்டேன். பிள்ளைகளைப் படிக்க வைத்தது இந்த வேலைதான். ஆனால் ஒரு பேட்ச் போகலாமா என்று கையெழுத்துப் போடுகிற மேசைக்கு கேள்வி கேட்கப் போனால், அங்கே நம் முகம் அரிதாகத்தான் தெரிகிறது. நாங்கள் செய்வதற்கெல்லாம் தாளில் எழுதுகிறோம். தப்பாக எழுதிவிட்டால் அழிக்கக் கூடாது, ஒற்றைக் கோடு போட்டு, பக்கத்தில் சரியானதை எழுதி, கையெழுத்தும் தேதியும் வைக்க வேண்டும். அந்தத் தாள் எங்கே போகிறது, யார் படிக்கிறார்கள், எதைப் பார்த்து நிறுத்தி வைக்கிறார்கள் என்று எனக்குப் புரிய ரொம்ப காலம் ஆயிற்று. படித்த பிள்ளை அந்த மேசையில் உட்கார வேண்டும். இந்த லைனில் என்ன நடக்கிறது என்று தெரிந்த வீட்டிலிருந்து ஒரு பிள்ளை அங்கே உட்கார்ந்தால் எங்களுக்கும் பேசுவதற்கு ஆள் இருக்கும்.

அண்ணே, பிள்ளையை அனுப்புங்கள்.

செம்பனைத் தம்பி (புதன், காலை 8.10)

லைன் லீடர் அக்காவுக்கு வணக்கம். தோட்டப் பேச்சு வந்ததால் நானும் வருகிறேன். பாங்கி, காஜாங் பக்கம் திசு வளர்ப்பில் வேலை பார்க்கிறேன். பயோடெக் என்றாலே மருத்துவம் என்று இங்கே பேச்சு போகிறது. மலேசியா உலகத் தரத்தில் செய்த உயிரியல் வேலை செம்பனையில்தான் என்பது என் எண்ணம்.

செம்பனையில் டூரா என்பது தடித்த ஓட்டுப் பழம், பிசிஃபெரா ஓடே இல்லாதது. இரண்டையும் கலந்தால் வரும் தெனெரா மெல்லிய ஓடு, எண்ணெய் சுமார் 30 விழுக்காடு அதிகம். தோட்டத்தில் நடுவதெல்லாம் தெனெரா என்றுதான் விற்பார்கள். ஆனால் மகரந்தம் தவறிக் கலந்துவிட்டால் கன்றோடு கன்றாக டூராவும் போய்விடும். நட்டு, காய்த்து, பழத்தை வெட்டிப் பார்த்தால்தான் தெரியும். அதற்குள் வருஷக்கணக்கில் உரம் போட்டாயிற்று, அப்புறம் அந்த மரம் இருபது வருஷத்துக்கு மேல் நிற்கும். 2013இல் மலேசிய செம்பனை வாரியத்தின் குழு செம்பனை மரபணுத் தொகுதியையும், ஓட்டைத் தீர்மானிக்கும் ஷெல் மரபணுவையும் வெளியிட்டது. ரவிகாதேவி சம்பந்தமூர்த்தி, ராஜிந்தர் சிங் இருவரும் அதில் முன்நின்றவர்கள். இப்போது நர்சரியிலேயே இலையில் சிறு வட்டம் குத்தி எடுத்துச் சோதித்துவிடலாம். அதே பரப்பில் எண்ணெய் கூடினால் காட்டை அழிக்க வேண்டிய நெருக்கடி குறையும்.

ரப்பரிலும் உண்டு. 2013இல் ரப்பர் மரபணு வரைவை வெளியிட்டது பினாங்கு யு.எஸ்.எம். அவர்கள் எடுத்துக்கொண்டது ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்ற ரகம். நம் தாத்தா பாட்டிகள் விடியற்காலையில் சீவிய மரங்களில் அந்த ரகம் நிறைய.

எங்கள் பக்கம் வேலைகள் குறைவு என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். ஆனால் அந்தப் பிள்ளைக்குச் செடியில் ஆர்வம் இருந்தால் கதவு அடைத்திருக்கிறது என்று நினைக்க வேண்டாம்.

கோப்புக்காரி (புதன், இரவு 9.25)

கே.எல்.இலிருந்து. நான் ரெகுலேட்டரி. மருந்தென்றால் பெட்டாலிங் ஜெயாவில் மருந்து ஒழுங்குமுறை முகமை, கருவியென்றால் மருத்துவக் கருவி ஆணையம். 2012ஆம் ஆண்டு சட்டம் 737 வந்த பிறகு கருவிகள் ஏ, பி, சி, டி என்று அபாய வாரியாகப் பிரிந்து பதிவாக வேண்டும். அந்தக் கோப்புகளைத் தயாரிப்பதுதான் என் வேலை.

ஜெலுத்தோங் அண்ணனின் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் எல்லாம் வெளியிலிருந்து வந்து வெளியே போகிறது என்பதில் ஒரு விலக்கு சொல்ல வேண்டும். ஹெப்படைடிஸ் சி. இந்தக் கல்லீரல் நோய்க்கான சோஃபோஸ்புவிர் மாத்திரை விலை தாங்க முடியாததாக இருந்தபோது 2017இல் மலேசிய அரசு, காப்புரிமை இருந்தும் அதன் மலிவு வடிவத்தைப் பயன்படுத்த அரசுப் பயன்பாட்டு உரிமம் கொடுத்தது. அதோடு சேர்த்துக் கொடுக்கும் ரவிடாஸ்விர் என்ற புதிய மருந்தை, லாப நோக்கமில்லாத டி.என்.டி.ஐ. அமைப்போடு சேர்ந்து மலேசிய, தாய்லாந்து ஆஸ்பத்திரிகளில் நம் மருத்துவர்கள் சோதித்தார்கள். 2021 ஜூனில் மலேசியா அதைப் பதிவு செய்தது. அதற்குப் பின்னால் நோயாளியைச் சேர்த்தவர், ரத்தம் எடுத்து மைனஸ் எண்பதில் வைத்தவர், தரவைச் சரிபார்த்தவர், கோப்பு எழுதியவர் என்று ஒரு படையே இருந்தது. அவர்களில் உயிரியல் பட்டதாரிகள் நிறைய.

ஜொகூரில் பயோகானின் இன்சுலின் ஆலையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்தியக் கம்பெனி, ஈஸ்ட்டில் இன்சுலின் வளர்க்கிறது. அங்கே வேலை நொதிக்கலனிலும் சுத்திகரிப்பிலும். பயோடெக் பாடத்தில் படிப்பதை அப்படியே பயன்படுத்தக்கூடிய இடம் என்றால் எனக்குத் தெரிந்து அதுதான். பினாங்கிலேயே இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காமல் நாலு வருஷம் கழித்து ஜொகூருக்கும் மனதைத் திறந்து வையுங்கள் அப்பா.

ஜெலுத்தோங் (புதன், இரவு 10.02)

ரவிடாஸ்விர் விஷயம் எனக்குத் தெரியாது. நல்ல செய்தி. ஆனாலும் என் கேள்வியை விடமாட்டேன்: உள்ளூர் கம்பெனி எத்தனை? லேப் கோட் அக்கா சொன்ன யானைக்கால் கிட் மாதிரி இன்னும் பத்து ஏன் இல்லை?

பழைய லேப் கோட் (புதன், இரவு 11.30)

நியாயமான கேள்வி. பல்கலைக்கழக லேபில் ஒரு சோதனை வேலை செய்கிறது என்றால் கட்டுரை வரும், பதவி உயர்வு வரும். அதன் பிறகு பேட்ச் பேட்சாக ஒரே தரத்தில் செய்ய ஆலை, மருத்துவக் கருவித் தரத்துக்கான ஐ.எஸ்.ஓ. 13485 சான்று, மருத்துவமனைச் சோதனை, பதிவு. இதற்கு ஆராய்ச்சி மானியம் பணம் தராது, வங்கியும் கடன் தராது. கிட் வாங்கப் போகிறவர் பெரும்பாலும் அரசு ஆஸ்பத்திரி. அங்கே டெண்டரில் விலை ஒன்றே பேசும், கப்பலில் வரும் மலிவுப் பொருளோடு போட்டி. நல்ல வேலை பாதியில் நின்றதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். உள்ளூரில் ஆய்வு செய்து உள்ளூரில் தயாரித்த சோதனைக்கு அரசு கொள்முதலில் முன்னுரிமை கிடைத்தால்தான் உங்கள் பத்தும் வரும். அதுவரை பிள்ளைகள் பன்னாட்டுக் கம்பெனியில் போய்த் தரமும் ஆவணமும் கற்றுக்கொள்ளட்டும். பாயான் லெப்பாஸ் ஐயா சொன்ன பட்டறைக்காரர்களும் அப்படித்தானே கற்றார்கள்.

நிபோங் திபால் அப்பா (வியாழன், இரவு 8.50)

எல்லாருடைய பதிலையும் மகளும் உட்கார்ந்து படித்தாள். இன்று மாலை ஒப்புதல் கொடுத்துவிட்டோம். லைன் லீடர் அக்கா எழுதியதை என் மனைவி இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டாள், அவளும் ஷிஃப்ட் வேலை பார்த்தவள். தங்கை மகனிடமும் போனில் பேசினேன், அந்த இடைவெளி விஷயத்தைச் சொன்னேன்.

கடைசியாக ஒரு கேள்வி. விருப்பப் பாடங்கள் என்று பட்டியல் கொடுத்திருக்கிறார்கள். எதை எடுக்கச் சொல்வது? இன்டர்ன்ஷிப்புக்கு எப்போது பார்க்க ஆரம்பிக்க வேண்டும்?

கிளீன்ரூம்வாசி (வியாழன், இரவு 9.35)

வாழ்த்துகள் அப்பா. புள்ளியியல் முதலில். எத்தனை மாதிரி எடுத்தால் போதும், இந்த மாற்றம் தற்செயலா இல்லையா என்று சொல்லத் தெரிந்த உயிரியல் பட்டதாரிகள் எங்களுக்குக் கிடைப்பதே இல்லை. அப்புறம் மைக்ரோபயாலஜி, அதிலும் தொழிற்சாலை சார்ந்தது இருந்தால் விடவே கூடாது. தர மேலாண்மை என்று ஏதாவது பாடம் வேறு துறையில் இருந்தாலும் கேட்டு வாங்கட்டும். ஐ.எஸ்.ஓ. 13485 படித்து வைத்தால் இரண்டு பக்கமும் உதவும், 2026 பிப்ரவரி முதல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வின் தர விதியும் அதையே அடிப்படையாக எடுத்துக்கொண்டது.

இன்டர்ன்ஷிப்புக்கு மூன்றாம் ஆண்டுத் தொடக்கத்திலேயே எழுத வேண்டும். மனிதவளத் துறைக்கு மட்டும் அனுப்பினால் குவியலில் போய்விடும். தரத்துறையிலும் மைக்ரோபயாலஜி லேபிலும் இருப்பவர்களுக்கு நேராக எழுதட்டும். சி.ஜி.பி.ஏ.வுக்குக் கீழேயே, எந்தெந்தச் சோதனையைத் தன் கையால் செய்திருக்கிறாள், எத்தனை தடவை, தவறிப்போனால் என்ன செய்தாள் என்று எழுதச் சொல்லுங்கள். நான் விண்ணப்பம் பார்க்கும்போது முதலில் படிப்பது அந்த இடத்தைத்தான்.

கோப்புக்காரி (வியாழன், இரவு 9.50)

கூடவே ஆங்கிலத்திலும் மலாயிலும் தெளிவாக எழுதப் பழகட்டும். ஆணையத்துக்குப் போகிற கோப்பில் ஒரு வாக்கியம் இரண்டு அர்த்தம் தந்தால் போதும், மாதக்கணக்கில் திரும்பத் திரும்பக் கேள்வி வரும். லேப் ரிப்போர்ட் எழுதும்போதே அந்தப் பழக்கம் வந்துவிட வேண்டும்.